ஈவில் டெட் 2013 கிளைமாக்ஸ் மாதிரி ரத்த மழை: எந்தக் கலவை?

கேள்வி (இரவுக்காட்சி)

சாம் ரைமியின் 1981 'ஈவில் டெட்' திகில் படத்தை ஃபெடே அல்வாரெஸ் 2013-ல் மறுபடி எடுத்தாரே, அதன் முடிவில் வானம் ரத்தமாகக் கொட்டும். அதைச் சிறிய அளவில், ஒரே நடிகையை வைத்து, 2 நிமிட ஷாட்டாக எடுக்கும் திட்டம். கிராஃபிக்ஸ் கிடையாது. கார்ன் சிரப்பில் (மக்காச்சோளப் பாகு) சிவப்பு ஃபுட் கலர் கலந்து சோதித்ததில் மூன்று சிக்கல்: நாசில் அடைக்கிறது, பின்னால் விளக்கு வைத்தால் ரோஸ் நிறம் தெரிகிறது, தோலில் ஒட்டும் செயற்கைச் சிலிகான் காயத்தின் மேல் பரவாமல் முத்துமுத்தாக உருண்டு ஓடுகிறது.

பதில் (கலவைக்கூடம்)

மழைக்கும் காயத்துக்கும் ஒரே கலவை என்பதுதான் கோளாறு. சிரப் குளோசப்புக்கு மட்டும். மழைக்கு மெத்தில்செல்லுலோஸ் (தண்ணீரைக் கொழகொழப்பாக்கும் பொடி) கலந்த தண்ணீர் எடுங்கள். 40 லிட்டருக்கு 200 கிராம் பொடி போதும். 13 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்கு மேல் சுடவைத்து, கிளறிக்கொண்டே பொடியைத் தூவி முழுவதும் நனையவிடுங்கள். பிறகு 27 லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி, இரவு முழுக்க அப்படியே வையுங்கள். நேராகக் குளிர்ந்த நீரில் கொட்டினால் வெளிப்பக்கம் கூழாகி, உள்ளே உலர்ந்த கட்டிகள் சிக்கிக்கொள்ளும். இந்தக் கலவையில் அடைப்புக்கு முதல் காரணம் அதுதான். மறுநாள் நைலான் துணியில் வடிகட்டுங்கள்.

நாசிலைக் கழற்றிவிட்டு, பிவிசி குழாயில் 2 மி.மீ. துளைகள் 40 போடுங்கள். தொட்டி 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் இறங்கும். அதாவது ஒரு டேக்குக்கு 40 லிட்டர். (அந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கு மட்டும் 50,000 கேலன் என்று அல்வாரெஸ் சொல்லியிருக்கிறார்.)

ரோஸ் நிறத்துக்குக் காரணம், ஒளி கலவைக்குள் ஊடுருவிப் போவது. 1981 குழு சிரப்பில் பால் இல்லாத காபி கிரீமர் பொடியைச் சேர்த்தது அதைத் தடுக்கத்தான். மழைக் கலவையில் கிரீமர் பொடி வேண்டாம். சாயத்தை இரட்டிப்பாக்கி, துளி பச்சை சேருங்கள். விளக்கை நேர் பின்னாலிருந்து சற்றுப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் போகும் ஒளி அளவு) அரை ஸ்டாப் குறைத்தும் பாருங்கள். டிஜிட்டல் கேமராவில் சிவப்பு சேனல் வெடித்தாலும், அதாவது சிவப்பு பதிவாகும் உச்ச அளவைத் தாண்டினாலும், ரோஸ்தான் வரும்.

பதில் (சிலிகான்தோல்)

சிலிகானில் ஈரம் ஒட்டாது. ஹாலிவுட் மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் பழைய ரத்தச் சூத்திரத்தில் கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ (ஃபிலிம் கழுவும்போது சேர்க்கும் திரவம்) இருந்ததே இதற்காகத்தான்: பரப்பு இழுவிசையைக் குறைத்து ரத்தத்தைப் பரவவைக்கும். ஆனால் அது நஞ்சு. 500 மி.லி. கலவைக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் அதே வேலையைச் செய்யும். இதுவும் வாய்க்கும் கண்ணுக்கும் கூடாது.

வாய் ரத்தம் தனிப் புட்டியில், பெயர் எழுதி: 500 மி.லி. சிரப், 100 மி.லி. தண்ணீர், 20 மி.லி. சிவப்பு ஃபுட் கலர், 2 டீஸ்பூன் கோகோ. கோகோவை முதலில் வெந்நீரில் குழைக்காவிட்டால் மேலே திட்டுத்திட்டாக மிதக்கும். பீய்ச்சும் காயத்துக்கு 60 மி.லி. சிரிஞ்சும் மெல்லிய குழாயும் போதும். ஷாட்டுக்கு முன் குழாயைக் காயத்தின் வாய் வரை நிரப்பிவையுங்கள். காற்று இருந்தால் வெட்டு விழுந்து ஒரு நொடி கழித்துத்தான் ரத்தம் வரும். அந்த ஒரு நொடியில் காட்சி செத்துவிடும்.

கேள்வி (இரவுக்காட்சி)

மழைக் கலவையைச் சூடாக்கலாமா? நடிகை குளிரில் நிற்க வேண்டும்.

பதில் (கலவைக்கூடம்)

35 டிகிரி வரை தாராளமாக. 50-ஐ நெருங்கினால் மெத்தில்செல்லுலோஸ் கெட்டியாகித் துளைகளை அடைக்கும். ஆறினால் மறுபடி இளகும், அதனால் கொட்டிவிடாதீர்கள். ரத்தம் படாத உலர்ந்த ஷாட்கள் எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். உடை மூன்று செட் வையுங்கள், தரை பயங்கரமாக வழுக்கும், விளக்கு இணைப்புக்கு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். நனைவதற்கு முன் தோலில் பேரியர் கிரீம் (தோலைக் காக்கும் பூச்சு) தடவினால் சாயம் அவ்வளவாக ஏறாது. மீறி ஏறியதை ஷேவிங் ஃபோம் எடுத்துவிடும். கீழே வழிந்ததை வடிகட்டி முகத்தில் மறுபடி ஊற்றாதீர்கள். தூரத்து ஷாட்டுக்கு வேண்டுமானால் தரையில் கொட்டிக்கொள்ளலாம்.