ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) மட்டும், உள்ளி (வெங்காயம்) கிடையாது: என்ன சமைக்கச் சொல்லலாம்?

தக்கலைக்காரி:
எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் இந்த வாரச் சமையல் போட்டிக்கு நான்தான் விதி சொல்ல வேண்டும். ஒரு சீப்பு ஏத்தங்காய், ஒரு தேங்காய். உள்ளி, பூண்டு கூடாது, தோலையும் வீசக்கூடாது. எரிசேரிக் கூட்டும் உப்பேரி வறுவலும் எல்லாரும் செய்துவிடுவார்கள். அவியலில் நாலு துண்டு போட்டு ஒப்பேற்றவும் விடமாட்டேன். வேறு என்ன கேட்கலாம்?

மார்த்தாண்டம் அக்கா:
தோலில் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) கேளு மக்களே. பொடியாக அரிந்து மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டால் கறை போகும். சிறுபயறைக் குழையாமல் வேகவைத்துச் சேர்க்கணும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாயை அம்மியில் சதைத்துப் போட்டு, இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் விடு. என் மாமியார் சிப்ஸ் போடும் நாளில் தோலைத் தனியாக எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

குளச்சல்வாசி:
தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு) வையுங்கள், கைப்பக்குவம் அதில்தான் தெரியும். தேங்காயைச் சிறுதீயில் கருஞ்சிவப்பாக வறுக்கணும். மல்லியும் வற்றல் மிளகாயும் கடைசியில். கொஞ்சம் தாண்டினாலும் கசக்கும்.

தக்கலைக்காரி:
துவரன் உறுதி அக்கா. தீயல் உள்ளி இல்லாமல் சரிவருமா?

குளச்சல்வாசி:
வரும். காயை நீளவாக்கில் அரிந்து எண்ணெயில் நன்றாக வதக்குங்கள், புளி கொதித்ததும் துளி கருப்பட்டி.