பழைய வண்டிக்கு பெரிய ஆல்டர்னேட்டர் போட்ட கதை, உங்க அனுபவத்தையும் எழுதுங்க

கோவை அம்பி:

வண்டி 96 மாடல் அம்பாசடர், 1800 பெட்ரோல், இசுசு எஞ்சின் வச்சது. அப்பா வாங்குனது, விக்க மனசு வரல. வாங்குனப்ப ஏசி கிடையாது, 2009ல நான்தான் வெளில போட்டேன், அப்புறம் ஹெட்லைட்டுக்கு ரிலே வச்சு 100/90 பல்பு, ஒரு ஆம்ப்ளிஃபயர், பின்னாடி உக்கார்ற பசங்களுக்கு சார்ஜர், மீட்டர் போர்டு பல்பெல்லாம் எல்இடி, இப்படி ஒண்ணொண்ணா ஏத்திக்கிட்டே போயிட்டேன். கரண்ட் குடுக்குற ஆல்டர்னேட்டர் மட்டும் அதே பழைய லூகாஸ் டிவிஎஸ், பிளேட்ல 12 வோல்ட் 45 ஆம்ப்னு அடிச்சிருக்கும்.

போன ஜூலைல வால்பாறை போய்ட்டு இறங்கிட்டு இருக்கோம். இருட்டிடுச்சு, நல்ல மழை, ஆழியாருக்கு இன்னும் பத்து பன்னெண்டு கொண்டை ஊசி பாக்கி, முன்னாடி மரம் விழுந்து வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. கண்ணாடில ஆவி புடிக்குதுன்னு ஏசி ஓடுது, வைப்பர் ஓடுது, லைட் எரியுது, பாட்டு வேற. முக்கா மணி நேரம் அப்படியே ஐடிலிங். கொஞ்சம் கொஞ்சமா வைப்பர், மூட்டு வலிக்காரர் மாடிப்படி ஏறுற மாதிரி ஏற ஆரம்பிச்சுது, ஹெட்லைட் மஞ்சளாயிடுச்சு. நான் பெரிய புத்திசாலி மாதிரி பேட்டரி மிச்சமாகட்டும்னு எஞ்சினை ஆஃப் பண்ணேன். மரத்தை வெட்டி வழி விட்டதும் சாவியைத் திருப்புனா டிக், டிக், அவ்ளோதான். பின்னாடி நின்ன டெம்போக்காரர் "இறக்கம்தானேண்ணே, தள்ளி விட்ரலாம்"னு சிரிச்சுக்கிட்டே வந்தாரு, செகண்ட் கியர்ல கிளட்ச்சை விட்டு கிளப்புனோம். வீட்டம்மா பொள்ளாச்சி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

மறுநாள் ஒரு எலக்ட்ரிஷியன்கிட்ட விட்டேன். அவரு எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டப் போனாரு, வண்டி நிக்காம ஓடுனா டைனமோ நல்லா இருக்குன்னு அர்த்தமாம். ஆல்டர்னேட்டருக்கு முன்னாடி நிஜமான டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர்ல அப்படி திடீர்னு பேட்டரியைப் புடுங்கினா வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் டயோடும் போயிடும். கையைப் புடிச்சு தடுத்துட்டேன், அவருக்குக் கொஞ்சம் கோவம்தான்.

வீட்ல வந்து நானே ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டேன். ஹை பீம் ரெண்டும் சேர்த்து 200 வாட், அதுவே 15 ஆம்ப். ஏசி புளோயர் ஃபுல்லுல 12, கண்டென்சர் ஃபேன் 8, கம்ப்ரஸர் கிளட்ச் ஒரு 4, வைப்பர் 5, பார்க்கிங் லைட் மீட்டர் லைட் எல்லாம் 4, இக்னிஷன் 4, பாட்டு ஒரு 5, ஆக மொத்தம் 57. 45 ஆம்ப் மெஷின் முழு மூச்சா ஓடுனாலே 12 குறையுது. இதுல இன்னொரு விசயம், பிளேட்ல போட்டிருக்கிற 45 வேகமா சுத்தும்போதுதான் வரும். எஞ்சின் 800ல ஐடிலிங் ஆகும்போது ஆல்டர்னேட்டர் அதைவிட ரெண்டு மடங்கு, 1600 சுத்து சுத்தும், அப்ப பாதி கூட தேறாது. அப்ப மரத்தடில நின்ன முக்கா மணி நேரமும் 35 ஆம்ப் கிட்ட பேட்டரிலேர்ந்துதான் உறிஞ்சியிருக்கு. மூணு வருசப் பழைய பேட்டரி வேற, எப்படித் தாங்கும்.

உக்கடத்துல தேடி 75 ஆம்ப் ஒண்ணு புடிச்சேன், 3,200 ரூபா. கடைக்காரர் பெஞ்ச்ல சுத்தவிட்டு 14.3 காட்டுனாரு. லைட்டு, ஏசி மாதிரி லோடு எதுவும் குடுக்காம காட்டுற 14.3 வோல்ட்டுக்கு ஒரு மரியாதையும் இல்லைன்னு அப்பவே தெரியும், இருந்தாலும் கார்பன் பிரஷ், பேரிங் ரெண்டையும் புதுசா மாத்த சொல்லி வாங்கிட்டேன். அதுல இருந்தது ரிப் பெல்ட் புல்லி, நம்மளுது வி பெல்ட், பழைய புல்லியைக் கழட்டி இதுல ஏத்துனோம். கீழ் பிராக்கெட் 3 எம்எம் முன்னாடி வந்துச்சு. பரவாயில்லன்னு முடுக்கி விட்டா பெல்ட் ஒரு மாசத்துல ஓரம் அரிச்சு பிஞ்சிடும், லேத்துல குடுத்து கடைஞ்சு நேர் பண்ணி, புல்லிக்கு மேல ஒரு ஸ்கேலை வச்சுப் பாத்துட்டுதான் டைட் பண்ணோம்.

எல்லாம் முடிஞ்சு லோடு போட்டுப் பாத்தா ஆல்டர்னேட்டர் ஸ்டட்ல 14.2, பேட்டரில 13.0. நடுவுல 1.2 வோல்ட் எங்க போச்சு? கையை வச்சுப் பாத்தேன், பழைய சார்ஜிங் வயரு சுடுது. உரிச்சா உள்ள செம்பு கறுத்துப்போய் இருக்கு, வயர் நுனில இருக்கிற லக் பச்சை பூத்துக் கிடக்கு. அதை அப்படியே விட்டுட்டு 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் தனியா இழுத்து, பேட்டரி பக்கம் 100 ஆம்ப் ஃபியூஸ் வச்சேன், எஞ்சின்லேர்ந்து பாடிக்கு ஒரு எர்த் ஸ்ட்ராப்பும் புதுசு. இப்ப அந்த வித்தியாசம் 0.2. உண்மையைச் சொன்னா ஆல்டர்னேட்டரை விட இந்த வயருக்குத்தான் லைட்டு பளிச்சுன்னு ஆச்சு.

ஐடிலிங்ல எல்லாத்தையும் போட்டா இன்னமும் 12.4க்கு இறங்குது, ஹை பீமை அணைச்சு ஆம்ப்ளிஃபயரை நிறுத்திட்டா 13.3ல நிக்குது. எனக்கு அது போதும்.

ஒரே ஒரு தொல்லை மட்டும் தீரல. காலைல ஸ்டார்ட் பண்ணா சார்ஜே ஏறாது, 12.3லயே நிக்கும். ஒரு தடவை ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சு விட்டா டக்குனு 14க்கு போயிடும், அப்புறம் நாள் முழுக்க ஒரு பிரச்னையும் இல்ல. பழையதுலயும் அப்பப்ப இப்படி இருந்துச்சு, நான் பிரஷ் தேஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். இதுல பிரஷ் புதுசு. யாருக்காவது தெரியுமா?

தேனி ஜீப்பு:

அண்ணே உங்க கேள்விக்கு பதில் தெரியல, ஆனா வயர் சுட்டுச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு என் கதையைக் கேளுங்க. நம்மளுது பழைய மஹிந்திரா டீசல் ஜீப், டேஷ்ல அம்மீட்டர் இருக்கும், நடுவுல பூஜ்யம், அந்தப் பக்கம் 30 இந்தப் பக்கம் 30. ஃபாக் லைட் நாலு போட்டதால 65 ஆம்ப் ஆல்டர்னேட்டர் மாத்துனேன், வேற எதையும் தொடல. போடி மெட்டு ஏறும்போது பாத்தா முள்ளு வலது ஓரத்துல போய் ஒட்டிக்கிச்சு, நானும் ஆகா என்னமா சார்ஜ் ஏறுதுன்னு சந்தோசப்பட்டேன். அஞ்சு நிமிசத்துல டேஷுக்குப் பின்னாடி ரப்பர் கருகுற நாத்தம், அப்புறம் புகை.

அம்மீட்டர் வச்ச பழைய வண்டில ஆல்டர்னேட்டர்லேர்ந்து பேட்டரி பக்கம் போற கரண்ட் டேஷ் வரைக்கும் போய் அந்த மீட்டருக்குள்ள நுழைஞ்சுதான் பேட்டரிக்குத் திரும்பும், 30 ஆம்ப்புக்குச் செஞ்ச மீட்டர்ல 50 போனா வேறென்ன ஆகும். நல்லவேளை பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் சீட்டுக்குக் கீழயே இருந்துச்சு, திருப்பி விட்டேன். இப்ப அம்மீட்டருக்குப் போன ரெண்டு வயரையும் எடுத்துட்டு சார்ஜிங் வயர் நேரா பேட்டரிக்குப் போகுது, மீட்டர் சும்மா அழகுக்கு உக்காந்திருக்கு, பக்கத்துல ஒரு சின்ன வோல்ட் மீட்டர் வச்சிருக்கேன்.

எர்த் ஸ்ட்ராப் போட்டீங்க பாருங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம். எங்க மச்சான் மாருதி 800ல அந்த ஸ்ட்ராப் அத்துப்போய், செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியா திரும்பி, கேபிள் சூடாகி உள்ள பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிச்சு. மூணு கேபிள் மாத்துனதுக்கு அப்புறம்தான் காரணமே புரிஞ்சுது.

மதுரைக்காரன்:

டீசல் வண்டி வச்சிருக்கவங்க தயவு செஞ்சு இதைப் படிங்க. என்கிட்ட பழைய சுமோ இருந்துச்சு, கல்யாண ஆர்டருக்கு ஓட்டுறது, உள்ள சீரியல் லைட்டு டிவி எல்லாம் உண்டு. ஆல்டர்னேட்டர் பத்தலன்னு ஒரு பட்டறைல விட்டேன், பேரு வேணாம். சாயங்காலம் வண்டி ரெடின்னாங்க, எடுத்துட்டு பைபாஸ் ஏறி முதல் பிரேக் போடுறேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சு, கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரமா இருந்த மணல் குவியல்ல ஏத்தி நிறுத்துனேன்.

டீசல் எஞ்சின்ல பெட்ரோல் வண்டி மாதிரி மேனிஃபோல்டுல வேக்குவம் கிடைக்காது, அதனால பிரேக் பெடலை லேசாக்குற பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப் தனியா இருக்கும், இந்த வண்டில அது ஆல்டர்னேட்டரோட முதுகுலயே இருக்கு. இவங்க பம்ப் இல்லாத ஒண்ணைப் போட்டுட்டு, மிச்சம் இருந்த ஹோஸ் வாயில ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டு விட்டுட்டாங்க. கேட்டா "ஆம்ப் ஜாஸ்தி வேணும்னு நீங்கதான சொன்னீங்க"ங்கிறான். என்னத்தச் சொல்ல. அப்புறம் பம்ப்போட சேர்ந்த பெரிய சைஸே வாங்கிப் போட்டேன், அதுக்குப் போற ஆயில் பைப்பையும் மறக்காம மாட்டணும், இல்லன்னா பம்ப் காய்ஞ்சு இறுகிடும்.

பழைய ஹெரால்டு:

தம்பிகளா, நீங்க 45 பத்தலங்கிறீங்க, என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுல இருந்தது 22 ஆம்ப் டைனமோ. பெருங்களத்தூர்ல செஞ்ச வண்டி. சிக்னல்ல நின்னா சிவப்பு லைட்டு எரியும், இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கும், அதெல்லாம் அந்தக் காலத்துல சகஜம். பேரன் ஏசி வேணாம் தாத்தா ஒரு ஃபேனாவது வைங்கன்னான், சரின்னு 36 ஆம்ப் ஆல்டர்னேட்டருக்கு மாறுனேன்.

என் வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடில இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் பாடிக்கு வரணும், அதனால பேட்டரியைத் திருப்பி வச்சு, இக்னிஷன் காயில் வயரை இடம் மாத்தி, டைனமோவோட ரெகுலேட்டரான கட் அவுட் பாக்ஸை விலக்கிட்டு நேரா இணைச்சு, எல்லாம் ரெண்டு நாள் உக்காந்து நானே செஞ்சேன். மூணாவது நாள் பேட்டரியை சார்ஜுக்குக் குடுத்து வாங்கிட்டு வந்த பையன், முப்பது வருசமா மாட்டுன பழக்கத்துல பழைய மாதிரியே மாட்டிட்டான். ஒரு சின்ன பட் சத்தம். டயோட் பிளேட் மொத்தமும் காலி. இப்ப பேட்டரி மேலயே சிவப்பு பெயின்ட்ல பெருசா எழுதி வச்சிருக்கேன்.

சேலத்துப் பொண்ணு:

அம்பி அண்ணா, மீட்டர் போர்டு பல்பெல்லாம் எல்இடி மாத்துனேன்னு முதல் பாராலயே போற போக்குல சொல்லிட்டீங்க. பேட்டரி லைட்டையும் சேர்த்தா மாத்துனீங்க?

ஆமான்னா அதுதான் உங்க பிரச்னை. சாவி போட்டதும் அந்தச் சிவப்பு லைட்டு வழியா போற கரண்ட்தான் ஆல்டர்னேட்டர் ரோட்டார் காயிலை முதல்ல உசுப்பி விடுறது. பழைய 2.2 வாட் பல்பு கிட்டத்தட்ட 180 மில்லி ஆம்ப் விடும், எல்இடி ஒரு 20 விட்டா பெருசு, அது பத்தாது. நல்லா மிதிச்சா ரோட்டார்ல மிச்சமிருக்கிற காந்தத்தை வச்சு தானா எழுந்துக்கும். என் ஜென்ல இதே கதை, நான் ரெண்டு ஆல்டர்னேட்டர் ரிப்பேருக்குக் காசு குடுத்தேன், ரெண்டுமே நல்லாதான் இருந்திருக்கு. எல்இடிதான் வேணும்னா அதுக்குப் பேரலலா 68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு சேர்த்து வைங்க, இல்லன்னா அந்த ஒண்ணுக்கு மட்டும் பழைய பல்பைப் போட்டுடுங்க.

கோவை அம்பி:

ஐயோ ஆமாம்மா, மாத்துனேன்! அஞ்சு வருசமா அப்படியேதான் இருக்கு.

இப்பதான் மீட்டரைக் கழட்டி, டூவீலர் கடைல இருபது ரூபாய்க்கு ஒரு பல்பு வாங்கிப் போட்டேன். சாவி போட்டதும் லைட்டு நல்லா கொழுந்தா எரியுது, ஸ்டார்ட் ஆன மறு நொடி அணைஞ்சிடுது, மீட்டர்ல 14.1, ஆக்சிலேட்டரைத் தொடவே இல்ல. நாளைக்குக் காலைல குளிர்ல ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்.

பெரியவரே, அந்த ஹெரால்டு என்ன கலரு? ஒரு படம் போடுங்களேன்.