கொரோனா சமயத்தில் வந்த கிசான் பணம்: உங்கள் அனுபவம் என்ன?

பண்ருட்டிக்காரன்:
நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணைக்கு 2000 போடும் பிஎம் கிசான் திட்டத்தைச் சொல்கிறேன். 2020ல் அந்தப் பணம் தகுதியில்லாத யார் யாருக்கோ போன கதை எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. எங்கள் தெரு ஆயா ஒருவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊரடங்கில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையும் நின்றுபோயிருந்தது. "கொரோனா பணம் வருது ஆயா" என்று கம்ப்யூட்டர் சென்டர் பையன் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பதிந்துவிட்டான். 2000 வந்தது. 500 அவன் கமிஷன்.

அப்புறம் தகுதியில்லாதவர்களிடம் அந்தப் பணத்தைத் திரும்ப வசூலிக்க வந்தார்கள். நான் வாசலில்தான் நின்றேன். "விவசாயின்னு நான் எங்கப்பா சொன்னேன்? எனக்கு வந்தது 1500. மீதியை அவன்கிட்ட கேளு" என்றார் ஆயா. வந்தவர் பதில் பேசவில்லை. நோட்டில் 2000 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சின்னசேலம் மக்காச்சோளம்:
ஆயா பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த இரக்கமெல்லாம் ஒரு பக்கமாகவே போகிறது. தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 110 கோடி போயிருக்கிறது என்று வேளாண்துறைச் செயலாளரே அந்த செப்டம்பரில் சொன்னார். பயனாளிகளைச் சேர்க்கும் அதிகாரிகளின் பாஸ்வேர்டு தனியார் சென்டரில் கிடந்தால் வேறென்ன நடக்கும்? என் அப்பா உழுகிற நிலம், பட்டா இன்னும் தாத்தா பேரில். ஒரு தவணைகூட வந்ததில்லை. மனு கொடுக்கப் போன அன்று, எங்கள் ஊர் செல்போன் கடைக்காரர் அதே வரிசையில் நிற்கிறார். எதற்கு என்று கேட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவாம்! அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு கட்டணும்?" என்று வேறு கேட்டார்.

பண்ருட்டிக்காரன்:
செல்போன் கடைக்காரரையும் ஆயாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

திருவாரூர் குத்தகை:
நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரனுக்கு இந்தத் திட்டத்தில் பெயரே கிடையாது. 2020 ஏப்ரல், அந்த 2000ஐ முன்கூட்டியே போட்டார்களே, அப்போது களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தோம். வாங்க வியாபாரி வரவில்லை. நிலத்துக்காரர் சென்னையிலிருந்து போன் பண்ணினார். "எனக்கு 2000 ஏறிடுச்சு, உனக்கு வந்துதா?" அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பழைய சர்வேயர்:
எனக்கும் ஒரு தவணை நின்றது, ஆதாரில் இனிஷியல் மாறி இருந்ததால். அதை விடுங்கள். சின்னசேலம் தம்பிக்குச் சொல்கிறேன். முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இந்தத் திட்டத்துக்கு 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பேரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலம் என்றால் சேராது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பலர் இது தெரியாமல் மனுவே போடுவதில்லை. வீட்டில் யாராவது வருமான வரி கட்டினாலோ, மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்கினாலோ பணம் கிடைக்காமல் போகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா வந்ததும் இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது) முடித்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையிலேயே கேளுங்கள். ஓடிபியை மட்டும் எந்த சென்டர் பையனிடமும் சொல்லாதீர்கள்.

சின்னசேலம் மக்காச்சோளம்:
ஐயா, நன்றி. சான்றெல்லாம் ஃபைலில் எப்போதோ ஏறிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய சித்தப்பா திருப்பூரில் இருக்கிறார். அப்பா நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை.