வெளிநாட்டில் ஏமாந்தவர்கள் இங்கே வரிசையில் வரவும்

கடல்காகம்:

நாலு வருஷம் ஆச்சு, அந்தப் பெரியவர் முகம் இன்னும் போகல. பாங்காக், கிராண்ட் பேலஸ், "இன்னைக்கு அரண்மனை மூடியிருக்கு"ன்னு சொல்லி துக்-துக் ஆட்டோல ஏத்திக் கல் விக்கிற கடைக்கு அனுப்புறது. இந்தக் கதை இங்க எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கும்தான். படிச்சிட்டுத்தான் போனேன். ஆனா மதில் ஓரமா நடந்தப்ப ஒரு கதவு நிஜமாவே சாத்தியிருந்துச்சே! அது நுழைவாயிலே இல்ல, டிக்கெட் வாசல் வடக்குப் பக்கம் நா ஃப்ரா லான் ரோட்டுல இருக்குன்னு மறுநாள்தான் தெரிஞ்சது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் வந்தார், என் மேப்ல பேனாவால மூணு வட்டம் போட்டார், 40 பாத்துக்கு துக்-துக் பிடிச்சுக் கொடுத்தார். சரி, அதெல்லாம் போகட்டும்.

என்னைக் கவுத்தது ரெண்டாவது வட்டம். சின்னக் கோயில், ஈ காக்கா இல்ல. உள்ள ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் என்கிட்ட வரல. நான்தான் போய்ப் பேசினேன். இதைத்தான் ராத்திரி படுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். அவர் எதையும் வாங்கச் சொல்லல. பொண்ணு வெளிநாட்டுல இருக்காளாம், அவ கல்யாணத்துக்கு நீலக்கல் வாங்கினாராம், அரசாங்கம் வரி இல்லாம விக்க விடுறது இன்னையோட முடியுதாம். சொல்லிட்டு மறுபடி கண்ணை மூடிக்கிட்டார்.

வெளிய வந்தா துக்-துக் அந்தக் கடைக்கே போச்சு. 18,000 பாத், ரெண்டு கல். கையில கொண்டு போகாதீங்க, தபால்ல அனுப்பிடுறோம்னாங்க. சின்னப் பெட்டி, மேல துணி, அதுல சிவப்பு அரக்கை உருக்கி ஊத்தி முத்திரை அழுத்தினான் ஒரு பையன். நான் தாலி கட்டுறதைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன். பொருள் நம்ம கையில இருந்தா அன்னைக்கே எங்கயாவது காட்டிக் கேட்டுடுவோம்ல, அதுக்குத்தான் தபால்.

கல் போலி இல்ல. அதுதான் கொடுமை. நிஜ நீலம், ஆனா மை மாதிரி கறுத்த மட்டமான நீலம், கொடுத்ததுல பத்துல ஒரு பங்கு தேறாதுன்னார் நகை மதிப்பீட்டாளர். போலின்னா புகார் கொடுக்கலாம். "நிஜக் கல், நீங்க ஒத்துக்கிட்ட விலை"ன்னா என்ன சொல்லிப் புகார் கொடுக்க?

அந்தப் பெரியவர் தினமும் அங்க உட்கார்றாரா? நிஜமாவே கும்பிட்டாரா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

மூட்டைமுடிச்சு:

இஸ்தான்புல், கலாட்டா பாலம். முன்னால் போன ஷூ பாலிஷ்காரரின் பெட்டியிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுத்துக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார், கட்டாயப்படுத்தி உட்காரவைத்து ஷூவைத் துடைத்தார். பாதியில் "குழந்தை ஆஸ்பத்திரியில்" ஆரம்பித்தது. கொடுத்துவிட்டேன். பணம் பெரிதில்லை. அரை மணி கழித்துத் திரும்பி வருகிறேன், அதே ஆள், அதே பிரஷ், இன்னொருவர் முன்னால் விழுகிறது. என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்றுவரை தெருவில் யார் எதைப் போட்டாலும் குனிவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கிறேன்.

நடைராஜா:

கடல்காகம், கோபப்படாதீங்க. அந்தக் கல்லைத் திரும்பிப் போய் வித்து லாபம் பாக்கலாம்னு கணக்குப் போட்டீங்களா இல்லையா? பெரியவர் கும்பிட்டாரா இல்லையான்றது அப்புறம். ஆசை இல்லாதவனை எவனும் ஏமாத்த முடியாது. நான் பதினோரு நாடு சுத்தியிருக்கேன், ஒரு பைசா ஏமாந்ததில்ல. வெனிஸ்ல பாலத்து மேல வெள்ளைத் துணி விரிச்சு பிராண்டு பை விக்கிறாங்கல்ல, துணியோட நாலு மூலையிலயும் கயிறு கட்டி ஒரே கையில பிடிச்சிருப்பான். போலீஸ் தலை தெரிஞ்சதும் ஒரு இழு, கடையே மூட்டையாகித் தோள்ல ஏறிடும். பாக்கவே அழகு. டூப்ளிகேட்னு தெரிஞ்சே 25 யூரோவுக்கு ஒரு பை வாங்கினேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுல எங்க ஏமாற்று?

ஜன்னலோரம்:

நடைராஜா அண்ணா, இத்தாலியில் போலிப் பொருளை விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குகிற சுற்றுலாப் பயணிக்கும் அபராதம் உண்டு. 7,000 யூரோ வரை போகும். அந்தப் போலீஸ்காரர் கயிறு இழுத்தவரை விட்டுவிட்டு உங்களைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆசை என்கிறீர்களே, ஷாங்காயில் நான் ஆசைப்பட்டது ஒரு கோப்பைத் தேநீருக்கு. நாஞ்சிங் ரோடு. இரண்டு பெண்கள் தங்களைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள், மாணவிகள், ஆங்கிலம் பேசிப் பழக ஆசை. பிறகு நடந்தது தெரிந்ததுதான்: தேநீர் குடிக்கலாம் என்று கூட்டிப்போனார்கள், மாடிப்படி, ஜன்னல் இல்லாத அறை, கைவிரல் நுனி அளவுக் கோப்பை, ஆறு வகைத் தேநீர். விலை அட்டையைக் காட்டவே செய்தார்கள். அது ஒரு கோப்பைக்கா, கூஜாவுக்கா, ஆளுக்கா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தேநீருக்கும் தலைக்கு இவ்வளவாம்.

என்னை உறுத்துவது பில் இல்லை. அதில் என் பங்கு 1,380 யுவான் என்றதும் நான் வெளிறிப்போனேன். உடனே அந்தப் பெண்களில் ஒருத்தி தன் பர்ஸைத் திறந்து, முகம் சுளிக்காமல் அதே தொகையைத் தன் பங்காக எண்ணி வைத்தாள். அவளே கொடுக்கும்போது நான் எப்படிச் சண்டை போடுவது? கூச்சத்தில் கொடுத்தேன். அந்த நோட்டுகள் நான் படியிறங்குவதற்குள் அவள் பர்ஸுக்குத் திரும்பியிருக்கும். அவள் எண்ணும்போது நடுவில் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதுகூட நடிப்பா அண்ணா?

கணக்குப்பிள்ளை:

நண்பர்களே, என் கதை சிறியது. பிராக், பழைய நகரச் சதுக்கம், "கமிஷன் 0%" என்று பலகை. ஒரு யூரோவுக்கு 25 கொருனா பக்கம் கிடைத்திருக்க வேண்டிய நாளில் 17 தந்தார்கள். கமிஷன் வாங்கவில்லைதான், விலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். பலகையில் பெரிதாக எழுதியிருந்த நல்ல விலை பெருந்தொகை மாற்றுபவர்களுக்கு என்று அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. 2019 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டி ரத்து செய்யலாம். எனக்கு அது நான்காவது மணி நேரத்தில் ஓட்டல் வரவேற்பறையில் தெரிந்தது. ரசீது சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆனால் நீங்கள் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. கார்டு இயந்திரம். வெளிநாட்டுக் கடையில் கார்டைச் செருகியதும் "உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா" என்று கேட்கும். நம் பணத்தில் தெரிந்தால் கணக்குப் பார்க்க வசதி என்று கை அதற்கே போகும். போகக் கூடாது. அதை அழுத்தினால் மாற்று விலையை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த இயந்திரத்தை நடத்தும் நிறுவனம். அது தன் லாபத்தை அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் உங்களைக் கேட்காமல் தானே அழுத்திவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ரத்து செய்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே வேலைதான்: "மாற்றத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா" என்று வரும். மறுத்தால் பணமே வராது என்று பயமுறுத்துவது போல இருக்கும். மறுங்கள். பணம் வரும், உங்கள் வங்கியின் விலையில் வரும்.

இன்னொன்று, ஐரோப்பாவில் வாங்கிய பொருளுக்கான வரியைத் திரும்ப வாங்குபவர்கள், பெட்டியை விமானத்துக்கு ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் முத்திரை வாங்குங்கள். பிறகு போனால் பொருளைக் காட்டு என்பார்கள், பொருள் அதற்குள் விமானத்தின் வயிற்றுக்குள் போயிருக்கும். இன்னொன்று, தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். கடல்காகம் அன்றைக்கே அழைத்திருக்கலாம். இன்னொன்று, கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்தால் பொருள் வரவில்லை என்பதற்கு உதவுவார்கள், விலை அதிகம் என்பதற்குப் பெரும்பாலும் உதவ மாட்டார்கள். இன்னொன்று...

மூட்டைமுடிச்சு:

சார், எனக்குப் பிரஷ்தான் விழுந்தது. ஏடிஎம் இல்லை.

தூரத்துப்பச்சை:

நான் மராகேஷ்ல வாங்கின கம்பளம் இப்பவும் எங்க ஹால்ல கிடக்கு. அழகா இருக்கு, அதனால எனக்கு இது ஏமாற்றுக் கணக்குல வருமான்னே தெரியல. அசல் பட்டுன்னார் கடைக்காரர். எனக்கு ஒண்ணு தெரியும்: பட்டு நூலைக் கொளுத்தினா முடி கருகுற நாத்தம் வரும், செயற்கைப் பட்டுன்னா காகிதம் எரியுற வாசம். புத்திசாலித்தனமா "கொளுத்திக் காட்டுங்க"ன்னேன். மனுஷன் அசரல. "கேக்கணும், இப்படித்தான் கேக்கணும்"னு என்னைப் பாராட்டினார். கம்பளத்து ஓரத்துல குனிஞ்சார், ஒரு நூலோட நிமிர்ந்தார், தீக்குச்சி கிழிச்சார். முடி நாத்தம். நூல் கருகி உருண்டையா சுருண்டுச்சு, விரல்ல நசுக்கினா பொடியாச்சு. அப்படியே பேரம் படிஞ்சுது.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் சும்மா குஞ்சத்துல ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். காகித வாசம். இன்னொரு மூலையில உருவினேன். காகிதம். அவர் குனிஞ்சப்போ வலது கை எங்க இருந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். இடது கை கம்பளத்து மேல இருந்துச்சு. வலது கை அங்கியோட பைக்குள்ள.

நடைராஜா சார், இங்க ஆசை எங்க வந்துச்சு? சோதிச்சுத்தானே வாங்கினேன். சோதிக்கத் தெரியும்ன்ற திமிரு வேணா இருந்துச்சு.

நடைராஜா:

திமிரும் ஒரு ஆசைதாங்க. விடுங்க. ஜன்னலோரம், அந்த 7,000 மேட்டர் நிஜமா? பை பரண்ல கிடக்கு. ஒரு மாசத்துல வார் அறுந்துபோச்சு.

கடல்காகம்:

நடைராஜா கேட்டதுக்குப் பதில் சொல்லல இல்ல. ஆமா, கணக்குப் போட்டேன். துக்-துக்லயே போட்டேன். மூணு மடங்குக்கு விக்கலாம்னு பெரியவர் சொல்லல, நானாவே போட்ட கணக்கு அது.

கணக்குப்பிள்ளை சார், 1155 அன்னைக்கே தெரியும். போன்ல பதிஞ்சுகூட வெச்சிருந்தேன். ஆனா ஊரை விட்டுக் கிளம்புற வரைக்கும் நான் ஏமாந்திருக்கேன்னே எனக்குத் தெரியாதே, யாரைக் கூப்பிட? பார்சல் சொன்ன தேதிக்கு ஒழுங்கா வந்து சேர்ந்துச்சு. அரக்கு முத்திரை கொஞ்சம்கூட விரிசல் விடல. அதை உடைக்க மனசு வராம, பக்கத்துத் துணியைக் கத்தரிச்சுத்தான் பெட்டியைத் திறந்தேன்.