மாமனார் கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் தெரியவில்லை, இலைக் கணக்கு உள்ளே இருக்கிறது. உதவி தேவை

கோத்தகிரி மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். என் மாமனார் கோத்தகிரி பக்கத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொடுக்கிற ஏஜென்ட். போன மாதம் தவறிவிட்டார். யார் எத்தனை கிலோ போட்டார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார் என்பதெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட்டாக இருக்கிறது.

விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப். அதில் இரண்டு யூசர். ஒன்று மாமா பெயரில், இன்னொன்று 'ஆபீஸ்'. நான் பில் அடிப்பதற்காக மாமாவே போட்டுக் கொடுத்தது ஆபீஸ் யூசர், அதன் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து மாமாவின் ஃபோல்டரைத் தொட்டாலே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கிறது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

டவுனில் ஒரு கடையில் காட்டினோம். ஃபார்மேட் போடாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விவசாயிகள் கையில் எடை போட்ட சீட்டு இருக்கிறதுதான், ஆனால் பாதிக்கு மேல் நனைந்து எழுத்து ஓடிப்போயிருக்கிறது. இந்த மாதப் பட்டுவாடா நெருங்குகிறது. யாருக்கும் ஒரு ரூபாய் குறையக்கூடாது என்றுதான் தவிக்கிறோம்.

ஊட்டி வாசகர்:
உங்கள் மாமனார் மறைவுக்கு என் அனுதாபங்கள். விண்டோஸைக் குறைந்தபட்ச அமைப்போடு திறக்கிற சேஃப் மோடில் போனால் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒரு யூசர் வரும், அதற்குப் பாஸ்வேர்ட் இருக்காது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நான் அப்படித்தான் திறந்திருக்கிறேன்.

குன்னூர் சர்வீஸ் பெஞ்ச்:
ஊட்டி சார், அது எக்ஸ்பியோடு போச்சு. அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அந்த யூசரை முடக்கியே வைத்திருக்கிறார்கள். வேறொரு அட்மின் யூசர் இருக்கிற மெஷினில் சேஃப் மோடில் போனாலும் அது திறக்காது.

அம்மா, ஃபார்மேட்டுக்கு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. பாஸ்வேர்ட் தெரியாததால் டிஸ்க்கில் இருக்கிற ஃபைல் எதுவும் அழிந்துவிடவில்லை. முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒன்று, ஆபீஸ் யூசரில் 'திஸ் பிசி' திறந்து சி டிரைவ் படத்தைப் பாருங்க. அதன்மேல் பூட்டு தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்க்கையே பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் வெளியிலிருந்து டிஸ்க்கைப் படிக்க முடியாது.

இரண்டு, மாமா பெயரில் தப்பான பாஸ்வேர்ட் ஒன்றை அடித்துப் பாருங்க. 'மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்' என்ற பெயர் அந்த எச்சரிக்கையில் வருகிறதா, இல்லை வெறுமனே 'பாஸ்வேர்ட் தவறு' என்று வந்து கீழே ஒரு குறிப்பு தெரிகிறதா? இந்தப் பதிலை வைத்துத்தான் வழியே மாறும்.

கூடலூர் ஆசிரியர்:
அதுவரைக்கும் மாமாவின் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள் அம்மா. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டாக இருந்தால் புதுப் பாஸ்வேர்ட் போடுவதற்கான கோட் அந்த நம்பருக்கோ மெயிலுக்கோதான் வரும். இரண்டுமே கையில் இல்லாமல் பாதுகாப்பு விவரத்தை மாற்றப் போனால் 30 நாள் காத்திருக்க வைப்பார்கள். 90 நாள் பயன்படுத்தாமல் போட்டால் நம்பரே கைவிட்டுப் போகலாம்.

இன்னொன்று. எதைச் செய்தாலும் உங்கள் வீட்டுக்காரரும் அவர் கூடப் பிறந்தவர்களும் பக்கத்தில் இருக்கட்டும். இறந்தவருடைய கம்ப்யூட்டர், பணக் கணக்கு வேறு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

கோத்தகிரி மருமகள்:
சிம்முக்கு உடனே ரீசார்ஜ் போட்டுவிட்டேன் சார். கொழுந்தனார் இன்று வீட்டுக்கு வந்திருக்கிறார், அவர் முன்னால்தான் பார்த்தோம். சி டிரைவில் பூட்டு இல்லை. மைக்ரோசாஃப்ட் பெயரும் வரவில்லை. கீழே குறிப்பு என்று 'பழைய ஜீப்' என்று வருகிறது.

மாமா முதலில் இலை ஏற்றின ஜீப்பின் நம்பரை ஆர்சி புக் பார்த்து அடித்தோம். இடைவெளி விட்டு, விடாமல், சின்ன எழுத்தில், பெரிய எழுத்தில் எல்லாம் பார்த்தாயிற்று, திறக்கவில்லை. அண்ணா, இணையத்தில் யூட்டில்மேன் ஃபைலை மாற்றுகிற வழி ஒன்று போட்டிருக்கிறார்களே, அதைச் செய்யலாமா?

குன்னூர் சர்வீஸ் பெஞ்ச்:
வேண்டாம்மா. விண்டோஸின் சொந்த ஃபைலுக்குப் பதிலாக கமாண்ட் ப்ராம்ப்ட்டை உட்கார வைக்கிற வேலை அது. விண்டோஸின் பாதுகாப்பு நிரலான டிஃபென்டர் இப்போது அதைக் கண்டுபிடித்துத் தடுக்கிறது. உங்களுக்கு அது தேவையுமில்லை. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு சேராத லோக்கல் யூசர், பூட்டு இல்லாத டிஸ்க். இதைவிட நல்ல நிலைமை கிடையாது.

முதல் வேலை காப்பி எடுப்பது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் ஏற்றுங்க, விண்டோஸைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் அது. அதன் ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபி அளவில் வரும், சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் வேறு கம்ப்யூட்டரில் இறக்கி ரூஃபஸ் என்ற நிரலை வைத்துப் பென் டிரைவில் எழுதினால் போதும். காப்பி போட இன்னொரு டிரைவ் தனியாக வைத்துக்கோங்க.

ஒன்றைக் கவனிங்க. விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்து நிறுத்தாதீங்க, 'ரீஸ்டார்ட்' கொடுங்க. சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிற மெஷினில் ஷட் டவுன் கொடுத்தால் பாதித் தூக்கத்தில்தான் நிற்கும். அந்த நிலையில் லினக்ஸ் டிஸ்க்கைப் படிக்க மட்டும் விடும், சில சமயம் திறக்கவே மறுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுசாக மூடித் திறக்கும். திரை கறுத்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் உங்கள் மெஷினுக்கு எதுவோ அதைத் தட்டிப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்க. 'இன்ஸ்டால்' பட்டன் பக்கம் போகவே கூடாது.

மின்ட் வந்ததும் விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து 'யூசர்ஸ்' ஃபோல்டர், அதற்குள் மாமா பெயர். அந்த ஃபோல்டரை முழுசாக டிரைவுக்கு இழுத்துப் போடுங்க. காப்பி சரியாக வந்திருக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் எக்செல் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம்.

கோத்தகிரி மருமகள்:
அண்ணா, கிடைத்துவிட்டது! எஃப்12 தட்டியதும் வந்தது. 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே மாதத்துக்கு ஒரு ஷீட். எங்கள் லேப்டாப்பில் எல்லாமே திறக்கிறது. ஒவ்வொரு விவசாயி பெயருக்கும் எதிரே காலை எடை, மாலை எடை, கழிவு, நிகர எடை என்று போட்டிருக்கிறார். முன்பணம் கொடுத்த இடத்தில் மஞ்சள் அடித்து, எதற்கு என்றும் எழுதியிருக்கிறார்: 'உரம்', 'பள்ளிக் கட்டணம்', 'ஆஸ்பத்திரி'. இந்த மாதப் பட்டுவாடா தாமதமாகாது. எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இனி மாமாவின் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டுமா? பிரிண்டரை மாற்றினாலும் அட்மின் கேட்கிறது.

குன்னூர் சர்வீஸ் பெஞ்ச்:
சந்தோஷம்மா. மாமா பாஸ்வேர்டை அழிக்கவே வேண்டாம். வெளியிலிருந்து அதை அழித்தால் அவர் குரோமில் சேமித்து வைத்த லாகின்கள் திறக்காது. விண்டோஸ் அவற்றைப் பழைய பாஸ்வேர்டோடு கட்டித்தான் பூட்டி வைத்திருக்கும். பேங்க், ஃபேக்டரி சம்பந்தப்பட்டது ஏதாவது அதில் இருக்கலாம்.

ஆபீஸ் யூசரையே அட்மினாக உயர்த்திவிடலாம். மின்ட்டில் நெட் கொடுத்து 'சிஹெச்என்டிபிடபிள்யூ' (chntpw) என்ற சின்ன நிரலைப் போடுங்க. விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று போனால் யூசர் விவரங்களை வைத்திருக்கிற 'சாம்' (SAM) என்று ஒரு ஃபைல் இருக்கும். தொடுவதற்கு முன்னால் அதற்கு ஒரு காப்பி கட்டாயம். பிறகு அந்த நிரலில் ஆபீஸ் யூசரைத் தேர்ந்தெடுத்தால் மெனுவில் 1 பாஸ்வேர்டை அழிப்பது, 3 அட்மின் ஆக்குவது. நீங்கள் அழுத்த வேண்டியது 3. வெளியே வரும்போது மாற்றத்தை எழுதவா என்று கேட்கும், 'ஒய்' கொடுங்க. கை நடுங்கினால் மெஷினைக் குன்னூருக்கு எடுத்து வாங்க, பக்கத்தில் உட்காரவைத்தே செய்து தருகிறேன்.

கட்டபெட்டு தோட்டம்:
நானும் உங்கள் மாமாவிடம் இலை போட்டவன்தான் அக்கா. என் பெயரிலும் மஞ்சள் இருக்கும், பாருங்க. அதை இந்த மாதமே பிடித்துக்கோங்க.

கோத்தகிரி மருமகள்:
இருக்கிறது தம்பி, பார்த்தேன். உரம் என்று எழுதியிருக்கிறார். ஒரே மாதத்தில் பிடிக்க வேண்டாம், மாமா செய்த மாதிரி மூன்று தவணையாகவே போட்டிருக்கிறேன்.

அண்ணா, 3 அழுத்தி முடித்தாயிற்று. ஆபீஸ் யூசரிலிருந்து மாமா ஃபோல்டரைத் தொட்டால் இப்போது 'கன்டினியூ' மட்டும்தான் கேட்கிறது. பிரிண்டரும் சேர்ந்துவிட்டது.

குன்னூர் சர்வீஸ் பெஞ்ச்:
நல்லதும்மா. ஆபீஸ் யூசருக்கு உறுதியான பாஸ்வேர்ட் போட்டு, தாளில் எழுதி, கொழுந்தனாரிடம் ஒன்று, பீரோவில் ஒன்று வைங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் அந்த மெஷினில் பேங்க் வேலை வேண்டாம், இலைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கோங்க.