‘கட்டாத வருஷமே இல்ல’ன்னு குவெரியில எப்படி கேக்குறது? புள்ளி வரி கணக்குல மாட்டிக்கிட்டேன்

காரைக்குடி_எம்சிஏ:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் நகரத்தார் புள்ளி வரி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவுன்னு வருஷா வருஷம் கட்டறது) கணக்க இதுவரைக்கும் அப்பச்சிதான் நோட்டுல எழுதிட்டு இருந்தாக, இந்த வருஷம் நான் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஏத்திருக்கேன். மூணு டேபிள். புள்ளி (412 வரி, இங்க வரின்னா டேபிள்ல ஒரு row), ரசீது (2022, 2023, 2024 மூணு வருஷத்துக்கும் சேத்து 1138, ஒரு புள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு ரசீது, எல்லாருக்கும் 500 ரூபாதான்), அப்புறம் போன் நம்பர், இது ஒரு புள்ளிக்கு ரெண்டு மூணு கூட இருக்கும்.

மூணு இடத்துல உதைக்குது. மூணையும் ஜாயின் பண்ணி கூட்டுனா 11 லட்சத்த தாண்டிப் போகுது, பெட்டியில இருக்கறது 5,69,000. டிஸ்டிங்க்ட் போட்டு கூட்டுனா வெறும் 500ன்னு வருது. ரெண்டாவது, ஒரு வருஷம் கூட கட்டாதவுக யாருன்னு நாட் இன் (‘இந்த லிஸ்ட்ல இல்லாதவுக’) போட்டு கேட்டா ஒரு வரி கூட வரல, ஆனா கட்டாதவுக இருக்காகன்னு எனக்கே தெரியும். மூணாவது, மூணு வருஷமும் விடாம கட்டுனவுக பேர கோயில் போர்டுல எழுதணும்னு அப்பச்சி கேக்குறாக, அதுக்கு எப்படி எழுதறதுன்னே பிடிபடல. கிளாஸ்ல சிக்மா (σ), பை (π), பெருக்கல் குறி எல்லாம் நடத்துனாங்க, பரீட்சைக்கு எழுதுனேன், ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யாராச்சும் விளக்குங்க.

தேவகோட்டை_டேட்டா:
தம்பி, முதல் கேள்விக்கு போன் டேபிள்தான் காரணம். ஜாயின்னா மொதல்ல பெருக்கல், அப்புறம் வடிகட்டல். ஒரு புள்ளிக்கு 3 ரசீது 2 போன் இருந்தா 6 வரி வரும், 1500 ரூபா 3000 ஆயிடும். டிஸ்டிங்க்ட் போட்டா ஒரே மாதிரி இருக்கற எல்லா 500உம் ஒண்ணா சுருங்கிடும், அதான் 500. போன கழட்டிட்டு ரசீத மட்டும் கூட்டுங்க, போன் வேணும்னா கூட்டி முடிச்ச பிறகு சேத்துக்கலாம். பேர வச்சு மட்டும் ஜாயின் பண்ணிடாதீக, நம்ம பக்கம் ஐயா பேரத்தான் பேரனுக்கு வைக்கிறது, ஒரே ஊர்ல ராமநாதன் பத்து பேரு இருப்பாக, விலாசம் (பேருக்கு முன்னாடி போடற இனிஷியல்) போட்டாலும் சித.ராம.சித.ன்னு பேரு மாறி மாறி சுத்தி வரும். புள்ளி நம்பர்தான் கீ, அதுதான் ஆள அடையாளம் காட்டும்.

கணக்கு_வாத்தியார்_பள்ளத்தூர்:
நான் கணக்கு சொல்லிக் குடுக்குறவன், டேட்டாபேஸ் பின்னாடி கத்துக்கிட்டேன், அதனால கணக்குப் பக்கத்துலேர்ந்து வர்றேன். 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் தன்னோட கட்டுரையில டேபிள பத்தி சொன்னது அடிப்படையில ஒரே விஷயம்: அது ஒரு உறவு, அதாவது கணங்களோட கார்ட்டீசியன் பெருக்கத்துல ஒரு உட்கணம். உங்க ரசீது டேபிளையே எடுங்க. 412 புள்ளிய 3 வருஷத்தோட பெருக்குனா 1236 ஜோடி. அது ‘வந்திருக்க வேண்டிய’ எல்லாமும். ரசீது டேபிள் அதுல ‘வந்தது’ மட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு உண்மையான வாக்கியம், ‘37ஆம் புள்ளி 2023க்கு கட்டியாச்சு’ன்னு. சிக்மாங்கறது வரிய பொறுக்கறது, பைங்கறது சில பத்திய (column) மட்டும் வச்சுக்கறது. கணத்துல ஒண்ணு ரெண்டு தடவை வராது, ஆனா எஸ்க்யூஎல் கணம் இல்ல, அது கடைக்கு எடுத்துட்டுப் போற பை மாதிரி, ஒரே வரி எத்தனை தடவையும் கிடக்கும், நாமதான் பாத்து எடுக்கணும்.

நாட் இன் விஷயம். ரசீது டேபிள்ல ஏதோ ஒரு வரியில புள்ளி நம்பர் காலியா, அதாவது ‘நல்’லா (NULL) கிடக்குதா பாருங்க, கண்டிப்பா கிடக்கும். நல்லுன்னா சைபர் இல்ல, வெத்து எழுத்தும் இல்ல, ‘தெரியாது’. 37 இந்த லிஸ்ட்ல இல்லையான்னு கேட்டா அது ஒவ்வொண்ணா பாக்கும், 12 இல்ல, 19 இல்ல, அந்த காலி வரிக்கு வந்ததும் அது 37ஆ கூட இருக்கலாமே, தெரியாதுன்னு நிக்கும். உண்மை, பொய்யோட தெரியாதுன்னு மூணாவது ஒண்ணு இருக்கறதால, உண்மையும் தெரியாதும் சேந்தா தெரியாதுதான். குவெரியில வடிகட்டற ‘வேர்’ (WHERE) உண்மைய மட்டும்தான் உள்ள விடும், அதனால 412 பேருல ஒருத்தருக்கும் உண்மைன்னு வராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் (‘இப்படி ஒரு வரி இல்ல’) போட்டு எழுதுங்க, சரியா வரும்.

மூணாவது கேள்விக்கு பதில உங்க தலைப்புலயே எழுதிட்டீங்க தம்பி! இதுக்கு பேரு வகுத்தல், ஆனா எஸ்க்யூஎல்லுல வகுத்தலுக்குன்னு தனிச் சொல்லு கிடையாது. ‘எல்லா வருஷமும் கட்டுனாரு’ன்னு நினைச்சா எழுத வராது. ‘அவரு கட்டாத வருஷமே இல்ல’ன்னு நினைங்க, அதுல ‘இல்லை’ ரெண்டு தடவை வருது. நாட் எக்ஸிஸ்ட்ஸ்குள்ள இன்னொரு நாட் எக்ஸிஸ்ட்ஸ். வெளிய உள்ளது ‘இப்படி ஒரு வருஷம் இல்ல’, உள்ள உள்ளது ‘அதுக்கு இவரு ரசீது இல்ல’. கையால சரிபாக்கணும்னா 1236 ஜோடியிலேர்ந்து ரசீதுல உள்ள ஜோடிய கழிங்க, மிச்சம் உள்ளதுல புள்ளி நம்பர மட்டும் எடுங்க, அவுகள 412லேர்ந்து கழிங்க. ரெண்டும் ஒண்ணா வரணும்.

ஆச்சி_மகன்_சென்னை:
குரூப் பைய (GROUP BY, வரிகள குழு குழுவா பிரிக்கறது) யாரும் சொல்லலையே. அது சமான உறவு. ஒரே கோயில் பங்காளிங்கறத எடுத்துக்கங்க, நான் எனக்கு பங்காளி, நீங்க எனக்கு பங்காளின்னா நான் உங்களுக்கு பங்காளி, நீங்க இன்னொருத்தருக்கு பங்காளின்னா நானும் அவருக்கு பங்காளி. மூணும் ஒத்து வர்றதாலதான் நகரத்தார் மொத்தமும் இளையாத்தங்குடி, மாத்தூர்னு ஒம்பது கோயிலா ஒண்ணோட ஒண்ணு கலக்காம பிரியுது. சம்பந்திங்கறது அப்படி இல்ல, என் சம்பந்தியோட சம்பந்தி எனக்கு சம்பந்தி ஆக மாட்டாக, அத வச்சு குரூப் பை பண்ண முடியாது. கோயில்ங்கற பத்திய புள்ளி டேபிள்ல சேத்தா கோயில் வாரியா கூட்டிக்கலாம்.

காரைக்குடி_எம்சிஏ:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிங்க சார். ரசீதுல 7 வரியில புள்ளி நம்பர் காலி, ரசீது கட்டைய எடுத்துப் பாத்தா விலாசம் இல்லாம வெறும் பேரு மட்டும் இருக்கு, அப்பச்சி கையெழுத்துதான். மிச்சம் 1131. 1236லேர்ந்து கழிச்சா 105, அது 61 புள்ளி. அப்ப விடாம கட்டுனவுக 351. நாட் எக்ஸிஸ்ட்ஸ் ரெண்டு போட்டும் அதே 351 வந்துச்சு! ஒரு வருஷமும் கட்டாதவுக 14. ரசீத மட்டும் கூட்டுனா 5,69,000, பெட்டியோட ஒத்துப் போச்சு. அந்த 7 ரசீது யாருதுன்னு தெரியாம போர்டு எழுதக் கூடாதுன்னு அப்பச்சி சொல்லிட்டாக, அதுல ரெண்டு பேரு ராமநாதன், ஞாயித்துக்கிழமை வீடு வீடா போய் கேக்கப் போறோம்.