புதினா, துளசியைக் கொதிக்க விடலாமா, மூடி ஊறவைக்கணுமா?

தொட்டிச்செடி:
தொட்டியில இருக்கிற புதினா, துளசி, எலுமிச்சைப்புல் மூணையும் பறிச்சு, பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டுத்தான் குடிக்கிறேன். நேத்து வந்த தோழி, "இலையைக் கொதிக்கவே விடக்கூடாது, வெந்நீர்ல போட்டு மூடி வை"ன்னு சொல்லிட்டுப் போனா. அது வெறும் வாசனைத் தண்ணிதானே? சாரம் எப்படி இறங்கும்? நீங்க எப்படிப் போடுறீங்க?

சருகு:
உங்கள் தோழி சொன்னதுதான் சரி. கொதிக்கும்போது சமையலறை முழுக்கப் புதினா மணக்கிறதே, அது கோப்பைக்கு வரவேண்டிய மணம். மணம் தரும் எண்ணெய்ச் சரக்குகள் இவை: புதினாவில் வகையைப் பொறுத்து மெந்தால் அல்லது கார்வோன், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், துளசியில் யூஜினால். எல்லாமே ஆவியோடு கிளம்பிவிடும். வாசனை எண்ணெய் எடுப்பவர்கள் இலையில் நீராவியைச் செலுத்தித்தான் வடிக்கிறார்கள். திறந்த பாத்திரத்தில் நீங்கள் செய்வதும் அதுதான், ஆனால் எண்ணெயைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, தட்டால் மூடி ஏழெட்டு நிமிடம் விடுங்கள். தட்டின் அடியில் நிற்கும் துளிகளையும் உள்ளேயே தட்டிவிடுங்கள், மணம் அதிலும் இருக்கிறது.

தொட்டிச்செடி:
மணம் போகுது, ஒத்துக்கறேன் சகோ. ஆனா இலைன்னா மணம் மட்டும்தானா? புதினா, துளசி ரெண்டுலயும் ரோஸ்மரினிக் அமிலம் இருக்கு. அது ஆவியாகிற சரக்கில்லை, சுடுதண்ணியில கரைஞ்சு நிக்கும். கொஞ்சம் துவர்ப்பா, தொண்டையில பிடிக்கிற மாதிரி இருந்தாத்தான் எனக்குக் குடிச்ச திருப்தி. அப்புறம் இஞ்சி? சும்மா வெந்நீர்ல போட்டு வச்சா காரமே சரியா இறங்காதே!

சருகு:
இஞ்சி வேறு கணக்கு. வேர், கிழங்கு, பட்டை எல்லாம் கெட்டியானவை, கால் மணி நேரமாவது கொதிக்கத்தான் வேண்டும். இலை மெல்லியது, சூடு பட்டதுமே விட்டுக்கொடுத்துவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் போடுவதுதான் தப்பு. இஞ்சி கொதித்து, அடுப்பை அணைத்த பிறகு இலை போகட்டும். துவர்ப்பு வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், கொதியைக் கூட்டாதீர்கள். காய்ந்த இலை என்றால் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, பச்சை இலை என்றால் அதைப்போல மூன்று மடங்கு. நான் பூ விடுவதற்கு முன்பே, காலையில் பனி உலர்ந்ததும் பறித்து, நிழலில் காயவைக்கிறேன். கசக்கினால் நொறுங்கும்வரை காய வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் புட்டியில் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் சேர்ந்தே போகும்.

வேலியோரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கொதியா ஊறலா என்பதைவிட, எந்த இலை என்பதுதான் எனக்குக் கவலை. காம்ஃப்ரே என்ற மூலிகை என்று நினைத்து, ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச்செடியின் இலையைப் போட்டுக் குடித்து, இதயத்துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. பூக்காத செடியில் இரண்டு இலையும் ஒன்றுபோலவே தெரியும். கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள், போகாது. காம்ஃப்ரேயே கல்லீரலுக்கு ஆகாது. இனிப்புக்காகத் தினமும் அதிமதுரம் போடுபவர்களும் கவனியுங்கள்: ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பூச்சிமருந்து அடித்த செடியைத் தொடவே வேண்டாம்.

தொட்டிச்செடி:
என் தொட்டியில நானே நட்டது தவிர எதையும் பறிக்கிறதில்லை, மருந்தும் அடிக்கிறதில்லை. அதிமதுரம் விஷயம் தெரியாது, நன்றி.

சருகு, இன்னிக்கு ரெண்டு விதமாவும் போட்டுப் பார்த்தேன். புதினாவும் எலுமிச்சைப்புல்லும் மூடி வச்சதுலதான் நல்லா இருந்துச்சு, அதுல வாதம் முடிஞ்சது. துளசி மட்டும் எனக்குக் கொதிச்சாத்தான் பிடிக்குது. ஊறவச்சது சப்புன்னு இருக்கு.

சருகு:
துளசியைக் கையால் கசக்கிப் போட்டீர்களா, முழு இலையாகவா?

தொட்டிச்செடி:
முழுசாத்தான் போட்டேன்.

சருகு:
நாளைக்குக் கசக்கிப் போட்டு, பத்து நிமிடம் மூடி வைத்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கொதிக்கவிடுங்கள், ஆனால் தட்டை மட்டும் எடுக்காதீர்கள்.